ஆற்றைப் பார்த்து இரண்டு நாற்காலி

"உன்னோட பொட்டெல்லாம் நீ ஏன் இன்னும் ஒட்டல?"

அந்தப் பெண் என்னிடம் அப்படித்தான் கேட்டாள். அவள் பெயர் இமோஜன். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவது அவள் வேலை. கடலோரப் பெருநகரத்திலிருந்து டன்ஸ்ஃபோர்ட் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்திருந்தாள். வெள்ளைக் கார். வந்து சேர்ந்தபோது இடுப்புவரை செம்மண் நிறமாகியிருந்தது. நான் முட்டை சாண்ட்விச் தட்டை ஏந்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். அவள் எல்லோருக்கும் கொடுத்த பச்சைப் பொட்டுகளில் என் பங்கு ஐந்தும் என் ஏப்ரன் பையில் கிடந்தன.

"வெக்கப்படாத. உன் குரலும் எங்களுக்கு வேணும்," என்றாள்.

குரல் வேண்டுமாம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது டன்ஸ்ஃபோர்ட் போகும் பள்ளிக்கூடப் பேருந்தை நிறுத்தினார்கள். ஓட்டுவதற்கு ஆள் இல்லை, ஏறுவதற்குப் பிள்ளைகள் போதவில்லை என்றார்கள். என் படிப்பு அத்தோடு சரி. அன்றைக்கு யாரும் என் குரலைக் கேட்டு வரவில்லை.

மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய பலகையை நிறுத்தியிருந்தாள். வெயில் குடையின் கீழ் காபிக் கடை, சைக்கிள் பாதை, சுவர் ஓவியம், தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டுத் திடல், நாய்ப் பூங்கா என்று படங்கள். காபிக் கடைக்குப் பின்னால் கடல் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு முழுநாள் பயணம். நாய்ப் பூங்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எங்கள் தெருவே நாய்ப் பூங்காதான். எது பிடிக்கிறதோ அந்தப் படத்தில் பொட்டை ஒட்டச் சொன்னாள். கீழே 'வேறு ஏதாவது?' என்று ஒரு வெள்ளைக் கட்டம். அதில் ஒட்ட மஞ்சள் தாள்கள் வைத்திருந்தாள். மேற்கே சுரங்க ஊர்களுக்கும் வடக்கே தீவுகளுக்கும் கோதுமை ஊர்களுக்கும் இதே பலகைதான் போனதாம். அவளே பெருமையாகச் சொன்னாள்.

நான் ஒட்டாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் அல்ல. அங்கிள் மெர்வ் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அங்கிள் மெர்வும் ஆன்ட்டி டல்சியும் எங்கள் பக்கத்து வீடு. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அவர்கள் பழங்குடிச் சனம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதற்குக் கணக்குக் கிடையாது. நானும் அம்மாவும் பருத்தி வேலைக்காக வந்து ஒண்டியவர்கள். அம்மா வேலைக்குப் போனால் நான் ஆன்ட்டி டல்சியின் அடுப்படியில்தான் இருப்பேன். நான் அதிகம் பேசாததால் ஆன்ட்டி எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

அங்கிள் மெர்வ் ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். நிமிர்ந்து நின்றால் கதவு நிலை இடிக்கும். சர்க்கரை வந்து, அது சிறுநீரகத்தைத் தின்ற பிறகு ஆள் பாதியாகிவிட்டார். டயாலிசிஸ் ஏற்ற இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்து, தொட்டால் உள்ளே தேனீ அடைத்த மாதிரி ரீங்கரிக்கும். தெருப் பிள்ளைகள் வரிசையாக வந்து காதை வைத்துக் கேட்பார்கள். "காசு வெச்சுட்டுக் கேளுங்கடா," என்பார்.

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். அது டன்ஸ்ஃபோர்ட்டில்தான் உண்டு. விடிவதற்கு முன்னால் கிளம்பி, இரண்டரை மணி நேரம் ஓட்டி, அங்கே நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி இரண்டரை மணி நேரம் திரும்பி வரவேண்டும். ஆன்ட்டி டல்சிதான் ஓட்டுவார். போன குளிர்காலத்தில் ஒரு விடிகாலை கங்காரு ஒன்று குறுக்கே வந்தது. அது பக்கத்தில் வரும்வரை ஆன்ட்டிக்குத் தெரியவில்லை. காரின் முகம் நசுங்கியது. இரண்டு பேருக்கும் அடி இல்லை. கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் ஆகும்வரை ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு இடம் எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு ஓய்வோ அவர்கள் ஓட்டினார்கள். ஓய்வு இல்லாத நாளில் அங்கிள் போகவில்லை. போகாத நாளுக்கு மறுநாள் அவர் கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். டன்ஸ்ஃபோர்ட்டில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு காலியாகிறது, இரண்டு பேரும் அங்கே குடிவந்துவிடுங்கள் என்றார்கள். அங்கிள் மெர்வ் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஊரை விட்டுப் போன டயாலிசிஸ்காரர்கள் எல்லாம் பெட்டியில்தான் திரும்பி வந்தார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் சமயத்தில்தான் திட்டக்காரர்கள் வருகிறார்கள், ஊர் கேட்பதைக் கொடுப்பார்கள் என்று கவுன்சிலில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

கூட்டத்துக்குச் சாப்பாடு ஆன்ட்டியின் பொறுப்பு. அன்று காலை அவர் வீட்டு மேசையில் ரொட்டி மலை. நான் வெண்ணெய் தடவினேன். ஆன்ட்டி வேகவைத்த முட்டையில் கறித்தூள் போட்டு மசித்தார்.

"புள்ள, ஓரத்த வெட்டிரு. ஓரம் இருந்தா பட்டணத்து ஆளுங்களுக்குத் தொண்டையில எறங்காது."

நான் வெட்டிய ஓரங்களை அங்கிள் மெர்வ் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கெழவா, அதுல உப்பு இருக்கு."

"ஓரத்துல எங்கடி உப்பு?"

"வெண்ணெயில இருக்கு. நாளைக்கு எடை கூடிப்போயி அந்த நர்ஸு என்னயில்ல திட்டும்."

"திட்டட்டும். அவளுக்கும் பொழுது போவணும்ல."

"எனக்குப் போற பொழுதே போதும்."

அவர் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார். வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு. அதை ஐஸாக உறையவைத்துச் சூப்புவார்.

"என்ன கேக்கப்போற?" என்றார் ஆன்ட்டி.

"என்னத்த? ரெண்டு நாற்காலி. நம்ம ஊருல."

"ரெண்டா? ஒண்ணுக்கே முக்கிக்கிட்டு இருக்கு."

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு நம்ம தெரு ரூபிக்கு. அவ கிட்னியும் இழுத்துக்கிட்டு இருக்குன்னு போன வாரம் சொன்னால்ல. தனியா எவன் உக்காந்திருப்பான் அஞ்சு மணி நேரம்? பக்கத்துல ரூபி இருந்தா என்னத் திட்டிக்கிட்டாவது இருப்பா."

நாற்காலி என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சாய்வு நாற்காலி. நர்சுகள் அப்படிச் சொல்லி ஊரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. 'அவருக்கு நாற்காலி கெடச்சிருச்சா?' 'ஒரு நாற்காலி காலியாச்சாம், பாவம் யாரோ.' மெஷின், ரத்தம், ஊசி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டன. ஊர் ஆஸ்பத்திரியில் முன்பு பிரசவம் பார்த்த அறை பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறு. நாற்காலி போட அதைவிட நல்ல இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மண்டபத்தில் அங்கிள் மெர்வ் மஞ்சள் தாளை வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இரண்டு நாற்காலி. நம்ம ஊரிலேயே.' வெள்ளைக் கட்டத்தின் நடுவில் ஒட்டினார். இமோஜன் குனிந்து படித்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நாற்காலியா? எவ்வளவு எளிமையான, அழகான யோசனை. எங்க போட்டா நல்லா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"ஆத்துப் பக்கமாத்தான். பாத்துக்கிட்டு இருக்க ஏதாச்சும் வேணும்ல."

"ரொம்ப நேரம் உக்காந்திருப்பீங்களா?"

"நாலு மணி நேரம். சில நாளு அஞ்சும் ஆவும்."

"அடேயப்பா. தினமுமா?"

"வாரத்துக்கு மூணு நாளு. தெனமும்னா செத்தே போயிருவேன்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"தண்ணி முக்கியம், மகளே," என்று ஆன்ட்டி டல்சி இடையில் புகுந்தார். "நம்ம கொழாத் தண்ணி ஆவாது. நல்லா சுத்தம் பண்ணின தண்ணியா இருக்கணும்."

"சுத்தமான தண்ணி," என்று இமோஜன் எழுதிக்கொண்டாள்.

"சாயங்கால வெயிலு நேரா அடிக்கும் அங்க. அதுக்கும் ஒரு மறைப்பு வேணும்."

"நிழல்," என்று எழுதினாள். "இன்னும்?"

"இதக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் எங்களுக்கு."

என்ன நாற்காலி என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாரத்தில் மூன்று நாள் ஒரு மனிதன் எதற்காக ஐந்து மணி நேரம் உட்காருகிறான் என்று கேட்டிருக்கலாம். அவளுக்கு முன்னால் நீட்டியிருந்த கையை ஒரு தடவை பார்த்திருக்கலாம். கறுப்புக் கிழவர்கள் என்றால் ஆற்றங்கரையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் மனசுக்குள் ஒரு படம் ஏற்கெனவே இருந்தது. அதில் நாற்காலி மட்டும் இல்லாமல் இருந்தது. அன்று அதுவும் வந்து சேர்ந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஊர் முழுவதும் எழுந்து வந்து தன் பொட்டுகளை அந்த மஞ்சள் தாளைச் சுற்றி ஒட்டியது. சாராயக் கடை கிரெய்க் கூட வந்தான். அவன் அப்பா காலத்தில் அங்கிளை அந்தக் கடைக்குள் விடமாட்டார்கள். இன்றும் இரண்டு பேருக்கும் பெரிய பேச்சு வார்த்தை இல்லை. அவன் தன் ஐந்தையும் அங்கேயே ஒட்டினான்.

"உனக்கு எதுக்குடா என் மேல பாசம்?" என்றார் அங்கிள்.

"கடைக்கு ஆள் வேணும்ல."

"நான் குடிய விட்டு முப்பது வருசம் ஆச்சு."

"அதான், வந்து சோடாவாவது குடி. சும்மா வாசல்ல நின்னு மத்தவங்ககிட்டயே பேசிட்டுப் போற."

நான் கடைசியாகப் போய் ஒட்டினேன். வெள்ளைக் கட்டம் பச்சையாகிவிட்டது. காபிக் கடையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. இமோஜன் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு ஒற்றுமையான ஊரை அவள் எங்கேயும் பார்த்ததில்லையாம்.

மழைக்கு முன்னால் திட்டப் புத்தகம் வந்தது. வழவழ தாள். அட்டையில் வேறு ஏதோ ஊரின் ஆறு, அதில் படகு. கிரெய்க் எங்கள் ஊர்ப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தெருவில் நின்றே சத்தமாக வாசித்தான். "நாற்காலிகள், முதலிடம். சுத்தமான தண்ணீர். நிழல். பணம் ஒதுக்கியாச்சு." அவ்வளவுதான் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆன்ட்டி டல்சி அன்று கறித்தூள் போட்ட சாசேஜ் பெரிய பாத்திரம் நிறையச் செய்து தெரு முழுக்கக் கொடுத்தார். மறுநாள் டன்ஸ்ஃபோர்ட்டுக்குப் போன் போட்டு, அந்தச் சின்ன வீடு வேண்டாம், எங்கள் ஊரிலேயே வருகிறது என்று சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிடுக்கு.

அதன் பிறகு நானும் ஆன்ட்டியும் அந்தப் பிரசவ அறையைச் சுத்தம் செய்தோம். ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் சாவி கொடுத்தார். அவரும் நம்பினார். செத்த ஈக்களை முறத்தால் அள்ளினோம். குளவிக்கூட்டைக் கத்தியால் சுரண்டினோம். தரையைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்ததில் என் முழங்கால் தோல் உரிந்தது.

"என் மூத்தவ இங்கதான் பொறந்தா," என்றார் ஆன்ட்டி. "அவளுக்குப் பெறகு இங்க பொறந்தது யாருன்னு நெனைக்கிற? ஒருத்தருமில்ல. அந்த மாசமே பூட்டிட்டானுங்க."

"ஏன்?"

"அடேங்கப்பா, கோட்டான் கேள்வி கேக்குது. ஏன்னா? அப்பவும் ஒரு திட்டம்தான்."

பழைய புடவைத்துணி மாதிரி மெல்லிசான பருத்தித் துணியில் ஜன்னலுக்குத் திரை தைத்தார். பூப்போட்டது. கண் தெரியாததால் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்.

ஒரு காலையில் கவுன்சில் வேலைக்காரர் கெல்வின் வேலி ஓரம் வண்டியை நிறுத்தி, "ஆன்ட்டி, உங்க நாற்காலி வந்திருச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆன்ட்டி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். நான் திரைத்துணியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அறை பூட்டியபடியே இருந்தது. நாங்கள் தேய்த்த தரை ஜன்னல் வழியாகப் பளபளத்தது. அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டது.

கரையில் சிமெண்டுத் தளம் போட்டு, அதில் இரண்டு நாற்காலிகளைக் கெல்வின் முடுக்கிக்கொண்டிருந்தார். எஃகு நாற்காலிகள். வளைந்த முதுகு, அகலமான கைப்பிடி, இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. மேலே முக்கோணமாக நீலத் துணிப் பந்தல். பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய். 'வடிகட்டிய நீர்' என்று அதில் எழுதியிருந்தது.

"இது என்ன?" என்றார் ஆன்ட்டி.

"நாற்காலி. நீங்க கேட்டதுதான்."

"கெல்வின், என்ன நாற்காலின்னு உனக்குத் தெரியும்."

கெல்வின் மெஷினை நிறுத்தினார். அவருடைய அக்காவும் டன்ஸ்ஃபோர்ட்டில் நாற்காலியில் காலம் தள்ளிச் செத்தவர்தான்.

"எனக்குத் தெரியும், ஆன்ட்டி. என்கிட்ட யாரு கேட்டா? தாளுல போட்டிருக்கு, முடுக்குன்னாங்க. முடுக்கறேன்."

"அவுத்துரு."

"அவுத்தா என் வேல போயிரும்."

ஆன்ட்டி அந்தக் குழாயை அழுத்தினார். தெளிந்த தண்ணீர் வளைந்து பாய்ந்தது. அங்கிள் மெர்வால் அதில் ஒரு வாய்கூட நிறையக் குடிக்க முடியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆன்ட்டி திடீரென்று என் கையிலிருந்த திரையைப் பிடுங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார்.

டன்ஸ்ஃபோர்ட் வீட்டை அதற்குள் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டதற்கு, கடலோரப் பெருநகரத்தில் நோயாளி விடுதியில் ஒரு கட்டில் இருக்கிறது என்றார்கள். ஒரே கட்டில். துணைக்கு ஆள் தங்க முடியாது. அங்கிள் மெர்வ் கடலை வாழ்க்கையில் ஒருமுறை பார்த்திருக்கிறார். இவ்வளவு தண்ணியும் வீணு என்றாராம்.

அவர் கிளம்பவேண்டிய சனிக்கிழமையில்தான் திறப்பு விழாவும் வைத்தார்கள். அவருடைய மூத்த மகள் கோரல் காரில் பெட்டியை ஏற்றி, நாற்காலி போட்ட ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கிள்தான் அங்கே நிறுத்தச் சொன்னார். ஆன்ட்டி இந்த முறை சாண்ட்விச் செய்யவில்லை. கவுன்சில்காரர்கள் கேட்டு ஆள் அனுப்பியபோது, "டன்ஸ்ஃபோர்ட்டுல நல்லா கெடைக்குது, ரெண்டரை மணி நேரம்தான், போயி வாங்கிக்கங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இமோஜன் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"பாத்தீங்களா? நீங்க கேட்டீங்க, வந்துருச்சு. மொதல்ல நீங்கதான் உக்காரணும். ஒரு படம் எடுத்துக்கலாமா?"

அங்கிள் மெர்வ் போய் உட்கார்ந்தார். விடுதிக்குப் போவதற்காகக் கோரல் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. இடது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். புடைத்த கையைக் கைப்பிடியின் மேல் நீட்டினார்.

"சரி. மாட்டு," என்றார்.

"என்ன மாட்டணும்?"

"ஊசிய."

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"தொட்டுப் பாரு, மகளே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகளிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவள் இரண்டு விரலை வைத்தாள். ரீங்காரம் விரலுக்கு ஏறியிருக்க வேண்டும். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"டயாலிசிஸ் நாற்காலி," என்றார் ஆன்ட்டி டல்சி. "அதுல உக்காந்தாத்தான் இந்த ஆளு உசுரோட இருப்பான். தண்ணி அந்த மெஷினுக்கு. ரெண்டு நாற்காலில ஒண்ணு ரூபிக்கு. இத நம்பிக்கிட்டு, கெடச்ச வீட்ட வேணாம்னு சொன்னேன் நான். இப்ப எங்க போறான் தெரியுமா? உன் ஊருக்கு. தனியா."

இமோஜனின் கழுத்து சிவந்தது. "எனக்கு... நீங்க அன்னைக்கே தெளிவா சொல்லியிருக்கலாமே."

"எத்தன மணி நேரம்னு சொன்னோம். எத்தன நாளுன்னு சொன்னோம். தெனமும்னா செத்துருவேன்னு சொன்னான். நீ சிரிச்ச."

"அது சுகாதாரத் துறை, ஆன்ட்டி. எங்க திட்டம் இடங்களுக்கானது. நான் கேட்டிருந்தாலும்..."

"இடத்துல ஆளு இருக்கும்ல?"

"நான் எழுதறேன். போனதும் அவங்களுக்கு எழுதறேன். இனிமே எங்க பக்கத்துலேருந்து எல்லாரையும் முறையா..." அவள் கண் அலைந்து, ஓரமாக நிற்கும் என்னிடம் வந்து நின்றது. அன்றைக்குப் போலவே கேட்டாள். "நீயாவது சொல்லு. நாங்க என்ன செய்யல?"

ஊமைக்கோட்டானுக்கு அன்று குரல் வந்தது.

"என்ன நாற்காலின்னு நீங்க கேக்கல."

வெள்ளைக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு மரம் மாறியது. துணிப் பந்தல் காற்றில் படபடத்தது.

அங்கிள் மெர்வ் சட்டைக் கையை இறக்கினார். பொத்தானைப் போட அவருக்கு நேரமாயிற்று. ஆன்ட்டி குனிந்து தடவித் தடவி அதைப் போட்டுவிட்டு, அந்த மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அவர் மெதுவாக அந்தக் கையை விலக்கினார். எழுந்தார். கவுன்சில்காரர்களையும் கேமராவையும் என்னையும் தாண்டி, பந்தலின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து, ஆற்றின் பக்கம் திரும்பாமலேயே நடந்தார். பூங்கா வாசலில் நின்ற கிரெய்க் தொப்பியைக் கழற்றினான். அங்கிள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.